டொமைன், டிரேட்மார்க், மோசடி மெயில்: கேள்வி பதில்

கே: சீன ரிஜிஸ்ட்ரார் (டொமைன், அதாவது இணைய முகவரி, பதிந்து கொடுப்பவர்) ஒருவரிடமிருந்து மெயில். எங்கள் பிராண்ட் பெயரில் .சிஎன் பதிய வேறொரு கம்பெனி விண்ணப்பித்திருக்கிறதாம். முன்னுரிமை எங்களுக்காம்.

ப: அந்தக் கம்பெனியே கற்பனை. பெயர் யாருக்கு உரியது என்று விசாரிப்பது ரிஜிஸ்ட்ரார் வேலையில்லை. காசு கட்டியவருக்குப் பதிந்து கொடுத்துவிடுவார். நீங்கள் பதறிப்போய் .சிஎன், .ஹெச்கே, .ஏசியா எல்லாவற்றையும் அவரிடமே கூடுதல் விலைக்கு வாங்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம். பதில் போடாதீர்கள்.

கே: வைப்போவில் (ஐ.நா.வின் அறிவுசார் சொத்து அமைப்பு) என் .காம் மீது யூடிஆர்பி (டொமைன் தகராறு தீர்க்கும் விதிமுறை) புகார். நான் பதிந்தது 2012, அவர்கள் டிரேட்மார்க் 2018.

ப: முதலில் நிஜமா என்று பாருங்கள். நிஜப் புகாரென்றால் ரிஜிஸ்ட்ரார் டொமைனைப் பூட்டியிருப்பார், வழக்கு எண் இருக்கும். பணம் கட்டினால் புகாரை முடிக்கிறோம் என்று வந்தால் போலி.

நிஜமென்றால் பதிலுக்கு 20 நாள். கேட்டால் இன்னும் 4. அவர்கள் மூன்றையும் நிரூபிக்க வேண்டும்: பெயர் மார்க்கோடு குழம்பும்படி ஒத்திருக்கிறது, உங்களுக்கு நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிந்து அப்படியே பயன்படுத்தவும் செய்கிறீர்கள். இல்லாத மார்க்கைக் குறிவைத்துப் பதிய முடியாது. பொதுவாக மூன்றாவது அங்கேயே விழும். 2012 பில், உங்கள் தளத்தின் பழைய பக்கங்களின் ஆர்க்கைவ் (இணையக் காப்பகம்) நகல் இரண்டையும் இணையுங்கள். ஒரு நடுவர் கட்டணம் 1,500 டாலர், அவர்கள் பாடு. மூவர் குழு நீங்கள் கேட்டால் 4,000. பாதி உங்கள் தலையில். தோற்றாலும் நஷ்டஈடு கிடையாது, பெயர் மட்டும் போகும். தீர்ப்பு வந்த 10 வேலை நாளுக்குள் கோர்ட்டில் வழக்குப் போட்டால் பெயர் போவதும் தடைபடும்.

இதற்கு நடுவே ‘என்ன விலை?’ என்று மெயில் வந்தால் விலை சொல்லாதீர்கள். அது புகாரின் இணைப்பாகத் திரும்பி வரும்.

கே: வருஷா வருஷம் ரினியூ செய்கிறாரே, அது புதுப் பதிவு ஆகாதா?

ப: ஆகாது.

அவரே மறுபடி: .இன் டொமைனில் ‘மார்க்குக்கு முன்பே பதிந்தேன்’ என்ற வாதம் நிற்காது.

ப: சரியான இடத்தில் பிடித்தீர்கள். .இன் டொமைன்களை நிர்வகிக்கும் நிக்ஸியின் தகராறு விதிமுறையான ஐஎன்டிஆர்பியில் கெட்ட எண்ணத்தோடு ‘பதிந்ததும் பயன்படுத்துவதும்’ அல்ல, ‘பதிந்ததோ பயன்படுத்துவதோ’. 2012இல் யோக்கியமாகப் பதிந்த .இன்னில் இன்று போட்டியாளர் விளம்பரம் ஓடினால் மாட்டலாம். தளம் இல்லாத டொமைனில் வரும் பார்க்கிங் பக்கம் தானாகக் காட்டும் விளம்பரமும் உங்கள் கணக்கில்தான்.

கே: அப்படியானால் போன வருஷம் அந்த 2012 .காமை என் பெயரிலிருந்து என் கம்பெனி பெயருக்கு மாற்றினேனே?

ப: வேறு ஆள் கைக்குப் போனால் வாங்கிய தேதிதான் கணக்கு. இரண்டும் நீங்களே என்று காட்ட ஆவணம் வேண்டும்: கம்பெனிப் பதிவு, ஒப்படைப்புக் கடிதம். இல்லாவிட்டால் 2012 போய்விடும், 2018க்குப் பின்னால் நிற்பீர்கள்.

கே: பெயர் தெரியாத கம்பெனி ரினியூவல் பில் அனுப்பியிருக்கிறது.

ப: ஐகானின் (டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் அமைப்பு) லுக்அப் தேடல் பக்கத்தில் உங்கள் ரிஜிஸ்ட்ரார் யாரென்று பாருங்கள். வேறு பெயரென்றால் குப்பை. டொமைன் வேறு ரிஜிஸ்ட்ராருக்கு மாறாதபடி டிரான்ஸ்ஃபர் லாக் போட்டு வையுங்கள்.

கே: நல்ல விலைக்கு வாங்க ஒருவர் தயார். குறிப்பிட்ட இடத்தில் மதிப்பீட்டுச் சான்றிதழ் மட்டும் வாங்கச் சொல்கிறார்.

ப: சான்றிதழ் விற்பவரும் அவர்தான்.

கே: எனக்கு .ஹெச்கே பற்றி மெயில்...

ப: முதல் பதில்.

கே: பிரபல பிராண்ட் பெயர் ஒன்று காலியாக இருக்கிறது. பதிந்து அவர்களிடமே விற்கலாமா? என்ன விலை சொல்ல?

ப: பதியாதீர்கள். விலையும் சொல்லாதீர்கள்.