இரவில் ‘ம்ம்ம்’ என்று ஏறி இறங்கும் சத்தம் எனக்கு மட்டும் கேட்கிறது, வீட்டில் வேறு யாருக்கும் கேட்கவில்லை. இது மனப்பிரமையா?

மனப்பிரமை இல்லைங்க. அந்த வார்த்தையைச் சொல்லித்தான் என் வாயையும் அடைத்தார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்களும் வாடகைக்குத்தான் இருப்பீர்கள், பக்கத்தில் கடையோ ஆஸ்பத்திரியோ இருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் சுவரை ஒட்டிய கட்டடத்து மொட்டை மாடியில் இரண்டு பெரிய ஏசி கம்ப்ரஸர்கள். ஊர் அடங்கியதும் ஆரம்பிக்கும். ஒரே சீராக உறுமினால்கூடப் பழகியிருக்கும். இது பெருக்கும், அடங்கும், மறுபடி பெருக்கும். அடங்கும்போது ‘அடுத்தது எப்போ’ என்று உடம்பே காத்துக் கிடக்கும். பீரோக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தால் அதே தாளத்தில் அதிரும். கட்டிலின் அந்தப் பக்கம் என் கணவர் நன்றாகத் தூங்குவார்.

பள்ளி இயற்பியலில் வரும் விம்மல்தான் இது; கிட்டத்தட்ட ஒரே அதிர்வுள்ள இரண்டு ஒலிகள் சேர்ந்து பெருகி அடங்குவது. ஒரு மோட்டார் வினாடிக்கு 48 அதிர்வு, இன்னொன்று 48.5 என்றால், இரண்டு வினாடிக்கு ஒருமுறை சத்தம் ஏறி இறங்கும். இவ்வளவு தாழ்ந்த ஒலியில் டெசிபல் கொஞ்சம் கூடினாலே காதுக்கு நிறையக் கூடியதாகத் தெரியும். அலையின் நீளமே ஏறக்குறைய 7 மீட்டர். அதனால் ஒரே அறையில் சுவரோரம் பலமாகவும் நடுவில் குறைவாகவும் கேட்கும்.

அசோசியேஷன் செயலாளர் போனில் ஆப் வைத்துப் பார்த்து, “ராத்திரிக்கு 45 டெசிபல் வரை சட்டத்திலேயே இருக்கும்மா, இது 40தான் காட்டுது” என்றார். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்கு அந்த 45 இருப்பது உண்மைதான். ஆனால் அந்த 45-ஐ அளக்கும் ‘ஏ’ அளவுகோல் (தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துக் கணக்கிடும் முறை) 50 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 50 அதிர்வு உள்ள ஒலியில் சுமார் 30 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் காட்டும். ஏற்ற இறக்கமும் சராசரியில் மறைந்துவிடும். இதைக் கூட்டத்தில் சொல்ல எழுந்தால், “டெனன்ட் பேசக் கூடாது, ஓனரை வரச் சொல்லுங்க.” மெயின்டனன்ஸ் பணம் மட்டும் ஐந்தாம் தேதிக்குள் எங்களிடமிருந்து வர வேண்டும். லிஃப்ட் ரிப்பேருக்கும் நாங்கள்தான் கொடுத்தோம். எங்கள் பிள்ளைகள் மொட்டை மாடியில் விளையாடக்கூட அனுமதி இல்லை. இது என்ன நியாயம்?

நான் டாக்டர் இல்லை. ‘காதிரைச்சலாக இருக்கும்’ என்று கமெண்டில் வருவீர்கள்; இருக்கலாம். வெளியூர் போனாலும் சத்தம் கூடவே வந்தால் இ.என்.டி. டாக்டரைப் பாருங்கள். எனக்கு டெஸ்டில் எல்லாம் நார்மல். வழக்கமான அந்த டெஸ்ட் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் போவதும் இல்லை. தெருவுக்கே கரண்ட் போன ஒரு ராத்திரி சத்தம் சட்டென்று நின்றது. அப்போதுதான் என் கணவரும் நம்பினார்.

காதில் பஞ்சு வைப்பது இதற்கு அவ்வளவாக உதவாது. கட்டிலைச் சுவரோரத்திலிருந்து நகர்த்திப் பாருங்கள். கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாமல், ஏசி மெக்கானிக் வரும் நேரம் பார்த்து, கம்ப்ரஸருக்கு அடியில் நல்ல ரப்பர் பேட் போடச் சொல்லுங்கள். எங்களுக்கு அப்படித்தான் பாதிக்கு மேல் குறைந்தது.