96 டொலர் நகைக்கு 55 டொலர் கட்டணம்: எது வரி, எது கூலி?

கேள்வி: நான் ஸ்காபரோவில் வசிக்கிறேன். மகளின் நடன அரங்கேற்றத்துக்காக நியூ ஜேர்சியில் உள்ள ஒரு கடையிலிருந்து இணையவழியாக நகைத் தொகுதி ஒன்றை வாங்கினேன். கனடியப் பணத்தில் அதன் விலை 96 டொலர். பொதியைக் கூரியர் நிறுவனம் வாசலில் வைத்துவிட்டுச் சென்றது. அதன் பின்னர் 55 டொலர் 42 சதம் செலுத்துமாறு அந்த நிறுவனத்திடமிருந்து ஒரு பட்டியல் வந்திருக்கிறது. அரசாங்கம் இவ்வளவு சுங்கம் அறவிடுமா? இதை நான் செலுத்தத்தான் வேண்டுமா? அடுத்த மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா சில உடுப்புகளும் புத்தகங்களும் அனுப்பவிருக்கிறார். அதற்கும் இப்படிப் பட்டியல் வருமா?

பதில்: நீங்கள் அனுப்பிய பட்டியலில் நான்கு தொகைகள் உள்ளன. எச்.எஸ்.ரி எனப்படும் இணைந்த விற்பனை வரி 12.48 டொலர், சுங்க விடுவிப்புக் கட்டணம் 28 டொலர், முற்பணக் கட்டணம் 10 டொலர், இவ்விரு கட்டணங்களின் மீதான விற்பனை வரி 4.94 டொலர். உங்கள் நகையின் மீது அரசாங்கம் விதித்தது முதலாவது தொகையான 12.48 டொலர் மட்டுமே. நீங்கள் வசிக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் வீதப்படி, 96 டொலரின் 13 வீதம் அது. சுங்கத் தீர்வை என்ற பெயரில் ஒரு சதமும் அறவிடப்படவில்லை. மீதமுள்ள 42.94 டொலர், கூரியர் நிறுவனம் தனது வேலைக்காகக் கேட்கும் கூலியும் அந்தக் கூலிக்கான வரியும் ஆகும். இந்தக் கூலியை நிர்ணயிப்பதும் அறவிடுவதும் அந்த நிறுவனமே. சுங்கத்தை நடத்தும் கனடா எல்லைச் சேவைகள் முகவரகத்துக்கு அதில் பங்கில்லை. ஆகவே, "சுங்கத்தில் பிடித்துவிட்டார்கள்" என்று நம்மவர்கள் பொதுவாகச் சொல்லும் குறையில் பெரும்பகுதி, சுங்கத்தைச் சேராத ஒன்றைப் பற்றியது.

தீர்வை ஏன் இல்லை என்பதை முதலில் விளக்கிவிடுகிறேன், ஏனெனில் அடுத்த முறை எந்த வழியில் பொருளை வரவழைப்பது என்பதை அதுவே தீர்மானிக்கிறது. வெளிநாட்டில் வாங்கிய பொருள் எந்த நாட்டிலிருந்து வந்தாலும், அதன் பெறுமதி 20 கனடிய டொலருக்கு மேற்படாவிட்டால் பொதுவாக வரியும் இல்லை, தீர்வையும் இல்லை. அமெரிக்கா, மெக்சிக்கோ ஆகிய இரு நாடுகளிலிருந்தும் கூரியர் மூலம் வருபவற்றுக்கு மட்டும், மூன்று நாடுகளின் புதிய வர்த்தக உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த 2020 ஜூலை 1 முதல் இந்த எல்லை உயர்த்தப்பட்டிருக்கிறது: 40 டொலர் வரை விற்பனை வரி இல்லை, 150 டொலர் வரை சுங்கத் தீர்வை இல்லை. உங்கள் நகை 40 டொலரைத் தாண்டியதால் வரி விழுந்தது. 150 டொலருக்குள் இருந்ததால் தீர்வை விழவில்லை. இங்கே இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். இந்த உயர்ந்த எல்லை கூரியருக்கு மட்டுமே உரியது. அதே கடை அதே பொருளை அமெரிக்கத் தபாலில் அனுப்பியிருந்தால் பழைய 20 டொலர் எல்லையே பொருந்தும். அத்துடன், எல்லையைத் தாண்டிய பொருளுக்குத் தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழுப் பெறுமதிக்கும் வரி கணக்கிடப்படும். 21 டொலருக்கு வாங்கிய பொருளுக்கு ஒரு டொலருக்கு மாத்திரம் வரி கட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் பலர், அது சரியன்று.

இனி, கூலி எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். 3,300 டொலருக்கு மேற்படாத பொதிகளைக் கூரியர் நிறுவனங்கள் நாட்டின் எல்லையில் உடனடியாக விடுவித்துக்கொண்டு, அவற்றுக்குரிய கணக்கையும் வரியையும் பின்னர் முகவரகத்திடம் ஒப்படைப்பதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. நீங்கள் முன்கூட்டி மறுப்புத் தெரிவிக்காதவரை, உங்கள் சார்பில் சுங்க முகவராகச் செயற்படுவதற்கு நீங்கள் சம்மதித்ததாகவே நிறுவனம் கொள்கிறது. ஆவணம் தயாரித்ததற்கு ஒரு கட்டணம், உங்கள் வரியைத் தன் கையிலிருந்து முதலில் கட்டியதற்கு இன்னொரு கட்டணம் என்று பட்டியல் நீள்வது இதனால்தான். பொதி முதலில் வந்து, பட்டியல் ஆறுதலாகப் பின்னால் வருவதற்கும் இதே ஏற்பாடுதான் காரணம். 12 டொலரை முற்பணமாகக் கட்டியதற்கு 10 டொலர் கேட்பது நியாயமா என்று நீங்கள் கேட்டால், நியாயமில்லை என்றே நானும் சொல்வேன். ஆனால் அது நிறுவனம் வெளியிட்டுள்ள கட்டண அட்டவணையில் இருக்குமானால் சட்டவிரோதம் என்று சொல்ல இயலாது.

இந்தக் கட்டணம் எல்லாக் கூரியர் சேவைகளுக்கும் ஒரே மாதிரியானதும் அன்று. அமெரிக்காவிலிருந்து அனுப்பும்போது, விலை கூடிய விரைவு விமானச் சேவைகளில் சுங்க விடுவிப்புக் கூலி அனுப்பு கட்டணத்துக்குள் அடங்கியிருப்பது உண்டு. மலிவாகத் தோன்றும் தரைவழிச் சேவையில் அது தனியாக அறவிடப்படும். ஆகவே, கடையின் பக்கத்தில் "அனுப்பு கட்டணம் 9 டொலர்" என்பதைக் கண்டு தரைவழியைத் தெரிவு செய்பவர், 24 டொலர் விமானச் சேவையைத் தெரிவு செய்தவரை விட முடிவில் அதிகம் செலுத்த நேரிடலாம். பணம் செலுத்தும் கட்டத்திலேயே வரியையும் சுங்கச் செலவையும் சேர்த்து அறவிடும் வசதியைச் சில பெரிய விற்பனைத் தளங்கள் தருகின்றன. அந்தத் தொகை சற்றுக் கூடுதலாகத் தெரிந்தாலும், வாசலுக்கு வந்த பின் புதிய பட்டியல் வராது என்பதால் சிறிய கொள்வனவுகளுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். கடை அந்த வசதியைத் தராவிட்டால், எந்த நிறுவனம், எந்தச் சேவை என்று விற்பனையாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தபால் வழி எப்படி? கனடா போஸ்ட் ஒரு பொதிக்கு 9.95 டொலர் மட்டுமே கையாளல் கட்டணமாக அறவிடுகிறது. வரியோ தீர்வையோ இல்லாத பொதிக்கு அதுவும் இல்லை. உங்கள் நகை தபாலில் வந்திருந்து, 150 டொலர்ச் சலுகை தபாலுக்கு இல்லாத காரணத்தால் ஒரு 8 டொலர் சுங்கத் தீர்வையும் விழுந்திருந்தது என்று வைத்துக்கொள்வோம். 104 டொலருக்கு 13 வீத வரி 13.52 டொலர், கையாளல் கட்டணத்தையும் சேர்த்தால் மொத்தம் 31.47 டொலர். அரசாங்கத்துக்குக் கூடுதலாகச் செலுத்தியும், உங்கள் கையிலிருந்து ஏறத்தாழ 24 டொலர் குறைவாகவே போயிருக்கும். 40 டொலருக்கு உட்பட்ட அமெரிக்கப் பொருளுக்குக் கூரியரும், அதற்கு மேற்பட்டவற்றுக்குப் பெரும்பாலும் தபாலும் இலாபம் என்பது இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு. தைத்த ஆடைகளில் மட்டும் அவதானம் தேவை. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தீர்வை 18 வீதம் வரை உயர்வதால், 150 டொலர்ச் சலுகையை இழப்பது அங்கே உறைக்கும்.

சென்னையிலிருந்து வரவழைப்பவர்களுக்குக் கணக்கு இன்னும் நேரடியானது, ஏனெனில் அங்கே கூரியருக்கும் தபாலுக்கும் எல்லை ஒன்றேதான்: 20 டொலர். 90 டொலருக்கு ஒரு சுரிதார் தொகுதி தபாலில் வருகிறது என்றால், 18 வீதத் தீர்வை 16.20 டொலர், இரண்டும் சேர்ந்த 106.20 டொலருக்கு ஒன்ராறியோவில் 13 வீத வரி 13.81 டொலர், கையாளல் கட்டணம் 9.95 டொலர், மொத்தம் 39.96 டொலர். அல்பேர்ட்டா மாகாணத்தில் உள்ள ஒருவர் இதே ஆடையை வாங்கினால் வரி 5 வீதம் மட்டுமே. புத்தகங்களுக்குத் தீர்வை கிடையாது, ஒன்ராறியோவிலும் வரி 5 வீதமே. ஆயினும் 25 டொலருக்கு ஒரு நாவலை வரவழைத்தால் 1.25 டொலர் வரிக்காக 9.95 டொலர் கையாளல் கட்டணம் செலுத்த வேண்டிவரலாம். ஒன்றிரண்டாக வாங்காமல் நான்கைந்து நூல்களைச் சேர்த்து வரவழைப்பதே புத்திசாலித்தனம். இத்தகைய பொதிகள் பல எதுவும் அறவிடப்படாமலே வீடு வந்து சேர்கின்றன என்பது உண்மைதான், ஆனால் அந்த அதிர்ஷ்டத்தை நம்பிச் செலவைத் திட்டமிட முடியாது.

கூரியரின் கூலியைத் தவிர்ப்பதற்குச் சட்டபூர்வமான ஒரு வழி உண்டு: சுங்க ஆவணத்தை நீங்களே தாக்கல் செய்வது. பொதி வந்து சேரும் முன்பே, கண்காணிப்பு இலக்கத்தைக் குறிப்பிட்டு, நானே கணக்கு ஒப்படைக்கிறேன் என்று கூரியர் நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அவர்களிடமிருந்து பொதியின் விபரங்களைப் பெற்று, விலைச்சீட்டுடனும் அடையாள அட்டையுடனும் எல்லைச் சேவைகள் முகவரகத்தின் அலுவலகம் ஒன்றுக்கு நேரில் சென்று, வரியை மாத்திரம் செலுத்தி, அந்தப் பற்றுச்சீட்டைக் கூரியரிடம் காட்டினால் பொதியை விடுவிப்பார்கள். சொல்லும்போது எளிதாக இருக்கிறது; நடைமுறையில் கூரியரின் தொலைபேசி ஊழியருக்கே இந்த வழி தெரியாமல் இருப்பதும், தாமதமானால் கிடங்குக் கட்டணம் கேட்கப்படுவதும் உண்டு. ஸ்காபரோவிலிருந்து பியர்சன் விமான நிலையப் பக்கம் போய்வரும் பெற்றோலையும் அரை நாள் வேலையையும் கணக்கில் எடுத்தால், 38 டொலர் கூலிக்காக இதைச் செய்யும்படி நான் சொல்லமாட்டேன். கூலி 80, 100 டொலரைத் தாண்டும் பொருளுக்குச் செய்யலாம்.

உங்கள் கையில் உள்ள பட்டியலுக்கு வருவோம். பொதி ஏற்கெனவே விடுவிக்கப்பட்டு உங்களிடம் சேர்ந்துவிட்டதால், மேற்சொன்ன வழி இதற்குப் பயன்படாது. 12.48 டொலர் வரி நீங்கள் செலுத்த வேண்டியதே. அதில் வாதிட இடமில்லை. கூலியைப் பொறுத்தவரை, நிறுவனத்தின் இணையத்தளத்தில் உள்ள கட்டண அட்டவணையை எடுத்து, உங்கள் சேவைக்கும் பொருளின் பெறுமதிக்கும் இந்த 28 டொலரும் 10 டொலரும் பொருந்துகின்றனவா என்று ஒப்பிடுங்கள். பெறுமதியைத் தவறாகப் பதிந்து உயர்ந்த படியில் கட்டணம் போட்டிருந்தால் திருத்திக் கேட்கலாம். விற்பனையாளர் "வேறு செலவு எதுவும் வராது" என்று எழுத்தில் சொல்லியிருந்தால், அதைக் காட்டி அவரிடம் கூலியைத் திருப்பிக் கேட்பதும் முறையே. இவை எதுவும் இல்லையெனில் செலுத்திவிடுங்கள்; செலுத்தாத பட்டியல்கள் கடன் அறவிடும் நிறுவனங்களிடம் போய்ச் சேரலாம், 43 டொலருக்காக அந்தத் தலையிடி வேண்டாம். நகை அளவு பொருந்தாமல் திருப்பி அனுப்ப நேர்ந்தாலோ, வரியைக் கூடுதலாகக் கணக்கிட்டிருந்தாலோ, பி2ஜி என்ற படிவத்தை நிரப்பி, செலுத்திய பற்றுச்சீட்டையும் திருப்பி அனுப்பியதற்கான ஆதாரத்தையும் இணைத்து முகவரகத்திடம் வரியை மீளப் பெறலாம். கூரியரின் கூலி அந்த வழியில் திரும்பி வராது. தபாலில் வந்த பொதியானால் அதில் ஒட்டப்பட்டிருக்கும் ஈ14 என்ற சீட்டே உங்கள் பற்றுச்சீட்டு; அதைப் பெட்டியோடு எறிந்துவிடாதீர்கள்.

ஒரு சிறு எச்சரிக்கை: "உங்கள் பொதி சுங்கத்தில் நிற்கிறது, இந்த இணைப்பில் 2.99 டொலர் செலுத்துங்கள்" என்று கைத்தொலைபேசிக்கு வரும் குறுஞ்செய்திகள் மோசடியானவை. சந்தேகமிருந்தால், செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாமல், கூரியரின் தளத்தை நீங்களே திறந்து கண்காணிப்பு இலக்கத்தை இட்டுப் பாருங்கள்.

அம்மா அனுப்பும் பொதிக்கு விதி வேறு. ஒரு தனிநபர் வெளிநாட்டிலிருந்து உங்களுக்கு அனுப்பும் அன்பளிப்பு 60 கனடிய டொலர் வரை வரியும் தீர்வையும் அற்றது. மதுபானம், புகையிலை போன்றவற்றுக்கு இந்தச் சலுகை இல்லை. கொள்வனவு போலன்றி, இங்கே எல்லையைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டுமே வரி. 100 டொலர் பெறுமதியான தைத்த உடுப்புகளை அம்மா அனுப்பினால், 40 டொலருக்குத் தீர்வை 7.20, வரி 6.14, கையாளல் 9.95 என 23.29 டொலர் வரக்கூடும். நீங்கள் பணம் கொடுத்துக் கடையிலிருந்து நேரே அனுப்பச் செய்த பொருளுக்கு "அன்பளிப்பு" என்று எழுதுவிப்பது இந்தச் சலுகைக்குள் வராது. பொய்யான விபரம் என்று கண்டால் பொருளைப் பறிமுதல் செய்யவும் முடியும். அம்மா கூரியரைத் தவிர்த்துத் தபாலில் அனுப்பட்டும். தபாலகத்தில் தரும் சுங்கப் படிவத்தில் அன்பளிப்பு என்பதைக் குறித்து, "உடுப்புகள்" என்று மொத்தமாக எழுதாமல், பருத்திச் சட்டை இரண்டு, சேலை ஒன்று, தமிழ்ப் புத்தகங்கள் மூன்று என்று ஒவ்வொன்றையும் அதன் உண்மையான விலையுடன் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். பொதிக்குள் உங்கள் பெயர் எழுதிய ஒரு வாழ்த்து அட்டையும் இருக்கட்டும். புத்தகம் எது, உடுப்பு எது என்று படிவத்தில் தெரியாவிட்டால், அதிகாரி தன் ஊகப்படி பெறுமதியும் வகையும் இட்டுக் கணக்கிட நேரும்; அதைத் திருத்துவதற்கு நீங்கள் மீண்டும் பி2ஜி படிவத்தோடு அலைய வேண்டியிருக்கும்.