காரின் பின் கண்ணாடி மாற்றுகிறீர்களா? விலை பேசுவதற்கு முன் இதைப் பாருங்கள்

கேள்வி: நிறுத்தி வைத்திருந்த என் ஹேட்ச்பேக் காரின் பின் கண்ணாடி திடீரென்று பொடிப்பொடியாகக் கொட்டிவிட்டது. அருகில் கல்லோ பந்தோ எதுவும் இல்லை. பட்டறையில் கேட்டால், இரண்டு விதமான கண்ணாடி இருக்கிறது, மலிவானதைப் போட்டால் அரை மணி நேரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம் என்கிறார்கள். விரிசல்கூட விடாமல் ஏன் இப்படி நொறுங்கியது? எந்தக் கண்ணாடியை வாங்குவது? மாற்றும் வரை வண்டியை ஓட்டலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். பின் கண்ணாடி இல்லாவிட்டால் மழையும் தூசியும் உள்ளே வரும் என்று எல்லோருக்கும் தெரியும். புகையும் வரும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. வண்டி ஓடும்போது அதன் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைகிறது. சைலன்சரிலிருந்து வெளியேறும் புகை அங்கேயே சுழன்று, திறந்து கிடக்கும் பின்பக்கம் வழியாக உள்ளே இழுக்கப்படும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதனால் பட்டறை வரை மெதுவாக ஓட்டிப் போவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்போதும் வெளிக்காற்றை உள்ளே எடுக்கும்படி வைத்து, ஃபேனை அதிக வேகத்தில் ஓடவிடுங்கள். நெடும்பயணம் வேண்டாம். பின் சீட்டில் குழந்தைகளை உட்கார வைத்துக்கொண்டு போவது வேண்டவே வேண்டாம்.

தற்காலிகமாக மூட தடிமனான பிளாஸ்டிக் ஷீட் போதும். ஆனால் பேக்கிங் டேப்பை நேராக பெயிண்ட் மேல் ஒட்டினால், வெயிலில் காய்ந்த பிறகு பிசின் தங்கிவிடும், சில சமயம் பெயிண்டையே உரித்துக்கொண்டு வரும். முதலில் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அதன் மேல் பலமான டேப்பைப் போடுங்கள். கண்ணாடி உட்கார்ந்திருந்த உள் விளிம்பில் எந்த டேப்பும் படக் கூடாது. நாளை புதுப் பசை பிடிக்க வேண்டிய இடம் அது. காப்பீட்டில் கேட்கும் எண்ணம் இருந்தால், துண்டுகளைக் கூட்டுவதற்கு முன்பே நாலைந்து படம் எடுத்துவைத்து நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். வேலை முடிந்த பிறகு சொன்னால் பேச்சு நீளும். உங்கள் கையிலிருந்து போகும் தொகை எவ்வளவு, இந்தச் சின்னக் கோரிக்கையால் அடுத்த வருடச் சலுகை போய்விடுமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, ஏன் நொறுங்கியது? முன் கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டியது. கல் பட்டால் விரிசல் விடும், ஆனால் கொட்டாது. பெரும்பாலான கார்களின் பின் கண்ணாடி அப்படியல்ல. அது ஒற்றைத் தகடு. அதை 600 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடாக்கி, காற்றைப் பீய்ச்சி சட்டென்று குளிர வைப்பார்கள். மேல்பரப்பு முதலில் இறுகிவிடும், உள்பகுதி பிறகு சுருங்கும். இதனால் மேல்பரப்பு எப்போதும் அழுத்தத்திலும் உள்பகுதி எப்போதும் இழுவிசையிலும் இருக்கும். இதுதான் டெம்பர்டு கண்ணாடி. இந்த அமைப்பால்தான் அது அதே தடிமனுள்ள சாதாரணக் கண்ணாடியைவிடச் சில மடங்கு பலமாக இருக்கிறது. ஆனால் எங்காவது ஓர் இடத்தில் அந்த மேல்தோல் உடைந்து காயம் உள்ளே எட்டிவிட்டால், அடக்கி வைத்திருந்த விசை முழுவதும் ஒரே நொடியில் விடுபட்டு, தகடு முழுக்கச் சிறு சிறு கட்டிகளாகிவிடும். கூரான பெரிய துண்டுகள் ஆளைக் கிழிக்கக் கூடாது என்பதற்காகவே இப்படிச் செய்கிறார்கள்.

இந்தக் கண்ணாடியின் பலவீனம் விளிம்பில் இருக்கிறது. டிக்கியில் திணித்த ஒரு இரும்புச் சாமானின் முனை கதவை மூடும்போது உள்ளிருந்து இடித்திருக்கலாம். வளைந்த டிக்கிக் கதவு விளிம்பை நெருக்கிக்கொண்டே இருந்திருக்கலாம். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. பல வாரங்கள் கழித்து, வெயிலில் காய்ந்த கண்ணாடி மேல் குளிர்ந்த நீர் பட்டதும் காரணமே இல்லாததுபோல உடையும். அரிதாக, தயாரிப்பின்போதே உள்ளே சிக்கிக்கொண்ட நிக்கல் சல்பைடு துகள் நாளடைவில் விரிவடைந்து உடைப்பதும் உண்டு. அதனால் யார் கல்லெறிந்தது என்று தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் டிக்கிக் கதவு ஒழுங்காக உட்காருகிறதா, ஒரு பக்கம் இடைவெளி கூடுதலாகத் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். கதவு கோணலாக இருந்தால் புதுக் கண்ணாடிக்கும் அதே கதிதான்.

டெம்பர்டு கண்ணாடியை ஒட்டிச் சரிசெய்ய முடியாது. வாங்கிய பிறகு வெட்டவோ துளை போடவோ கூடாது, போட்டால் அங்கேயே பொடியாகிவிடும். “கொஞ்சம் பெரிசா இருக்கு, தேய்ச்சுப் போட்டுடலாம்” என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.

இந்த ஒரு காரணத்தாலேயே சரியான கண்ணாடியைத் தேர்ந்தெடுப்பதுதான் பாதி வேலை. ஒரே மாடல் காருக்குப் பின் கண்ணாடியில் பல ரகங்கள் உண்டு. வைப்பர் அச்சுக்குத் துளை உள்ளது, இல்லாதது, டிஃபாகர் கோடுகள் (கண்ணாடியைச் சூடாக்கிப் பனியையும் ஈரத்தையும் விலக்குபவை) உள்ளது, இல்லாதது, அந்தக் கோடுகளுக்கு மேலே ரேடியோ ஆன்டெனாவாக வேலை செய்யும் மெல்லிய கோடுகள் தனியாக உள்ளது, தயாரிக்கும்போதே கறுப்பு சாயம் ஏற்றியது, இளம்பச்சை நிறத்தது, மேல்பக்கம் மூன்றாவது பிரேக் லைட்டுக்கு இடம் விட்டது. கீல், கைப்பிடி எல்லாம் கண்ணாடியிலேயே பொருத்தித் தனியாகத் திறக்கும் வகையும் சில வண்டிகளில் இருக்கிறது. மாடல் பெயரையும் வருடத்தையும் மட்டும் சொல்லி வாங்கினால் இதில் ஏதோ ஒன்று தவறிவிடும். சேஸிஸ் நம்பரைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். பழைய கண்ணாடியின் படம் உங்கள் கைபேசியில் எங்காவது இருந்தால் அதையும் காட்டுங்கள். முழுக் கண்ணாடியும் கொட்டிப்போன பிறகு அதில் என்னென்ன இருந்தது என்பது சொந்தக்காரருக்கே நினைவிருப்பதில்லை.

டிஃபாகர் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், புகார்கள் அதிகம் வருவது இதில்தான். கண்ணாடியின் உள்பக்கத்தில் தெரியும் செம்பழுப்புக் கோடுகள் வெறும் மை அல்ல, வெள்ளி கலந்த பூச்சை அச்சடித்துச் சூளையில் சுட்டது. இரண்டு ஓரத்திலும் இருக்கும் அகலமான பட்டைகளில் சின்ன உலோக நாக்குகளைப் பற்றவைத்திருப்பார்கள். 12 வோல்ட் ஒயர் அதில்தான் செருகும். சாமானை ஏற்றி இறக்கும்போது கோடு அறுந்தாலும், ஒயரைப் பிடுங்கும்போது நாக்கு பெயர்ந்தாலும் பனியோ ஈரமோ விலகாது. எனவே புதுக் கண்ணாடியைப் பொருத்துவதற்கு முன்பே நாக்குகள் இரண்டும் உறுதியாக இருக்கின்றனவா, கோடுகளில் கீறல் உண்டா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பொருத்திய பிறகு டிஃபாகரைப் போட்டு மல்டிமீட்டரால் பார்க்கச் சொல்லலாம். ஒரு கோட்டின் ஒரு முனையில் கிட்டத்தட்ட 12 வோல்ட், நடுவில் சுமார் 6, மறுமுனையில் பூஜ்யம் என்று படிப்படியாக இறங்கினால் கோடு நன்றாக இருக்கிறது. ஓர் இடத்தில் 12-லிருந்து சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் அங்கே அறுந்திருக்கிறது. மின்சாரம் கடத்தும் வெள்ளிப் பூச்சை வைத்து அதை இணைக்கலாம். பெயர்ந்துபோன நாக்கைச் சாதாரண சூப்பர் பசையால் ஒட்டிப் பயனில்லை, மின்சாரம் கடக்காது.

எந்தக் கோட்டிலும் மின்சாரமே வரவில்லையென்றால் கண்ணாடியைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள். ஹேட்ச்பேக்கில் ஒயர்கள் கூரையிலிருந்து டிக்கிக் கதவுக்கு ஒரு ரப்பர் குழாய் வழியாகப் போகும். கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி, அந்த மடிப்பில் ஒயர் அறுவது ரொம்ப சகஜம். கண்ணாடி மாற்றும் நாளிலேயே அந்த ரப்பரை இழுத்து ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரிஜினலா, வேறு தயாரிப்பா? என் அபிப்பிராயம்: பின் கண்ணாடிக்குக் கார் கம்பெனி முத்திரைதான் வேண்டும் என்று பிடிவாதம் தேவையில்லை. கார் கம்பெனிகளும் கண்ணாடியைப் பெரும்பாலும் கண்ணாடித் தொழிற்சாலைகளிடமிருந்துதான் வாங்குகின்றன. பார்க்க வேண்டியது மூலையில் பொறித்திருக்கும் முத்திரை. தயாரிப்பாளர் பெயர், டெம்பர்டு என்ற குறிப்பு, தரச்சான்று அடையாளம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். ஆங்கில ‘ஈ’ எழுத்தும் ஓர் எண்ணும் வட்டத்துக்குள் இருந்து, பக்கத்தில் 43 என்று வந்தால், வாகனக் கண்ணாடிக்கான ஐ.நா. விதிமுறை 43-இன்படி ஒப்புதல் பெற்றது என்று பொருள். ரோமன் எண் ஐந்து இருந்தால் 70 சதவீதத்துக்கும் குறைவான ஒளியை விடும் சாயக் கண்ணாடி. முத்திரையே இல்லாத கண்ணாடி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். வளைவு சரியில்லாத கண்ணாடியும் அப்படித்தான். பசை போடாமல் வெறுமனே உட்கார வைத்துப் பார்த்தால் நாலு மூலையும் ஒரே மட்டத்தில் வர வேண்டும். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் கண்ணாடியை வாங்கலாம், ஆனால் கழற்றும்போது விளிம்பில் விழுந்த சின்னச் சில்லு கண்ணில் படாமல் போகலாம். பழைய ரப்பர் பீடிங்கில், அதாவது விளிம்பைச் சுற்றிவரும் ரப்பர் பட்டையில், உட்காரும் வகையாக இருந்தால் நான் துணிவேன். பசையிலிருந்து அறுத்து எடுத்ததாக இருந்தால் மாட்டேன்.

அடுத்தது அந்த அரை மணி நேரக் கணக்கு. உங்கள் கண்ணாடி ரப்பர் பீடிங்கில் மாட்டும் பழைய வகை என்றால் அது சாத்தியம். இன்றைய கார்களில் பெரும்பாலும் பாலியூரித்தேன் பசையால் உடம்போடு ஒட்டியிருப்பார்கள். அதற்கு அரை மணி நேரம் போதவே போதாது. பழைய பசையை முழுக்கச் சுரண்டி எடுக்காமல், 1 முதல் 2 மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய அடுக்காக விட்டுச் சீவ வேண்டும். புதுப் பசை பழைய பசையின் மேல்தான் மிக நன்றாகப் பிடிக்கும். சீவும்போது கத்தி பட்டு பெயிண்ட் கீறினால் அந்த இடத்துக்குப் பிரைமர் (அடிப்பூச்சு) போட்டே ஆக வேண்டும். விட்டால் உள்ளுக்குள் துரு பிடித்து, இரண்டு வருடத்தில் பசையும் தகடும் தனித்தனியாகிவிடும். கண்ணாடியின் ஓரத்திலுள்ள கறுப்புப் பட்டைதான் பசை உட்காரும் இடம். வெயிலின் புற ஊதாக்கதிர் பசையைத் தின்றுவிடாமல் காப்பதும் அதுதான். அந்தப் பட்டையைத் துடைத்துப் பிரைமர் போட்ட பிறகு வெறுங்கையால் தொடக் கூடாது, விரலின் எண்ணெய்ப் பசையே போதும் ஒட்டாமல் செய்ய. குழாயும் கழுவுதொட்டியும் ஒட்டுகிற சிலிக்கானைக் கையில் எடுத்தால் தடுத்துவிடுங்கள். அதற்குத் தேவையான பலம் இல்லை, அதோடு அது பட்ட இடத்தில் பிறகு நல்ல பசையும் பிடிக்காது.

பாலியூரித்தேன் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும். அதனால் வறண்ட நாளிலும் குளிர்ந்த நாளிலும் நேரம் கூடும். வண்டியை எடுக்கலாம் என்ற நிலைக்கு ஒரு மணி நேரத்தில் வரும் பசையும் உண்டு, ஒரு நாள் கேட்கும் பசையும் உண்டு. பசைக் குழாயின் மேலேயே போட்டிருக்கும், காலாவதி தேதியும் அங்கேயே இருக்கும். வாங்கிப் படித்துப் பாருங்கள், சங்கடப்பட ஒன்றுமில்லை.

வண்டி கைக்கு வந்த முதல் நாள் முழுக்க ஏதாவது ஒரு கதவின் கண்ணாடியை விரலளவு இறக்கியே வையுங்கள். எல்லாம் மூடியிருக்கும்போது கதவை அறைந்து சாத்தினால் உள்ளே அடைபட்ட காற்று புதுக் கண்ணாடியை வெளியே தள்ளும். டிக்கியை மெதுவாக மூடுங்கள். ஒட்டியிருக்கும் டேப்பை அவர்கள் சொல்லும் நேரம் வரை பிடுங்க வேண்டாம். அழுத்த நீரில் கழுவுவதை இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள்.

துண்டுகளைப் பொறுத்தவரை, சீட்டில் கண்ணுக்குத் தெரிவதை எடுத்துவிட்டு முடிந்தது என்று விட்டுவிடுவார்கள். டிக்கிக் கதவின் உள் அட்டையைக் கழற்றி வேக்குவம் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் கலகலவென்று சத்தம் கேட்கும். கதவின் பூட்டு, நீர் வடியும் துளை, சீட் மடிப்பு, பெல்ட் உள்ளே போகும் வாய் ஆகிய இடங்களும் முக்கியம். துணியால் துடைக்க வேண்டாம், பொடி இன்னும் ஆழமாகப் போகும். குழந்தை இருக்கை பின்னால் இருந்திருந்தால் அதன் உறையைக் கழற்றிப் பட்டைகளின் மடிப்பு வரைக்கும் பார்த்த பிறகே குழந்தையை உட்கார வையுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் பின் வைப்பர், அதற்கு நீர் தெளிக்கும் குழாய், மூன்றாவது பிரேக் லைட், டிஃபாகர், ரேடியோ, பின்பக்கக் கேமரா எல்லாவற்றையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். நீர்க்கசிவைப் பசை இறுகிய பிறகுதான் சோதிக்க முடியும். சாதாரணக் குழாய்த் தண்ணீரைக் கண்ணாடியின் ஓரமாகக் கீழிருந்து மேலாக விடுங்கள், ஒருவர் உள்ளிருந்து பார்க்கட்டும். கசிந்த நீர் கண்ணாடிக்குப் பக்கத்தில் தெரிய வேண்டும் என்றில்லை, உள் அட்டைக்குப் பின்னால் இறங்கி ஸ்டெப்னி வைக்கும் குழியில் தேங்கும். ஆகவே கம்பளத்தைத் தூக்கி அங்கேயும் கையை விட்டுப் பாருங்கள். கசிந்தால் மறுபடி ஒட்டித் தருவதாகப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சன் ஃபிலிம் ஒட்டும் திட்டம் இருந்தால் இரண்டு விஷயம். உங்கள் ஊர்ச் சட்டம் எவ்வளவு அனுமதிக்கிறது என்று முதலில் பாருங்கள். அப்புறம், ஃபிலிம் ஒட்டுவது டிஃபாகர் கோடுகளின் மேல்தான் என்பதால், பின்னாளில் அதை உரிக்கும்போது கோடுகளும் கூடவே வரலாம். கறுப்புக் கண்ணாடிதான் வேண்டும் என்றால், உங்கள் மாடலுக்குச் சாயம் ஏற்றியே வரும் ரகம் இருக்கிறதா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.