வீட்ல மீதி இருக்குற ஐவர்மெக்டின், கோவிடுக்கு குடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயசு, நேத்து கோவிட் பாசிட்டிவ். சிரங்குக்கு வாங்குன ஐவர்மெக்டின் மாத்திரை மீதி இருக்கு. லேப்ல 48 மணி நேரத்துல வைரஸை அழிச்சுதுன்னு படிச்சேன், குடுக்கலாமா சார்?

பதில்: வேணாம்ங்க. நீங்க படிச்சது பொய் இல்ல, 2020ல மெல்போர்ன்ல மோனாஷ் யுனிவர்சிட்டிக்காரங்க பண்ண டெஸ்ட் அது, வைரஸ் ஆர்என்ஏ, அதாவது வைரஸோட மரபணுப் பொருள், கிட்டத்தட்ட 5000 மடங்கு குறைஞ்சுது. ஆனா அது தட்டுல வளர்த்த குரங்கு செல்லு, அதுல ஊத்துன மருந்தோட அடர்த்தி 5 மைக்ரோமோலார், நாம சாதாரணமா முழுங்குற டோஸ்ல ரத்தத்துல அதுல பல பத்து மடங்கு கம்மியாதான் சேரும், அந்த அளவுக்கு ஏத்தணும்னு மாத்திரைய அள்ளி முழுங்குனா வைரஸுக்கு முன்னாடி மூளைக்குத்தான் பாதிப்பு, மயக்கம் வலிப்பு வரைக்கும் போகும்.

சரி மனுஷங்கள்ல பாத்தாங்களான்னா, பாத்தாச்சு. பிரேசில்ல டுகெதர்னு ஒரு ட்ரயல், 1,358 பேரு, பாதி பேருக்கு ஐவர்மெக்டின், பாதி பேருக்கு டம்மி மாத்திரை, யாருக்கு எதுன்னு குடுக்குற டாக்டருக்கே தெரியாது. ஆஸ்பத்திரி வரைக்கும் போனவங்க ஐவர்மெக்டின் பக்கம் 14.7 சதவீதம், டம்மி பக்கம் 16.3. ஏதோ குறைஞ்ச மாதிரி தெரியுதுல்ல, ஆனா இவ்ளோ வித்தியாசம் தற்செயலாவே வரும். அமெரிக்காவுல டோஸை கூட்டி 6 நாள் குடுத்துப் பாத்தாங்க, அப்பவும் சீக்கிரம் குணமாகல.

அப்ப ஆரம்பத்துல வந்த சில ஆய்வு மட்டும் எப்படி ஆஹா ஓஹோன்னு இருந்துச்சு? எகிப்துல இருந்து வந்த பெரிய ஒண்ணு, டேட்டாவே சந்தேகமா இருக்குன்னு 2021 ஜூலைல தூக்கிட்டாங்க. இன்னொரு காரணம் எனக்கு ரொம்ப சுவாரசியமா பட்டது: ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ்னு ஒரு குடல்புழு, பல வருஷம் சத்தமில்லாம உடம்புல கெடக்கும், கோவிடுக்கு ஸ்டீராய்டு குடுத்தா எதிர்ப்பு சக்தி அடங்கி அது பெருகி உடம்பு பூரா பரவும், உயிருக்கே ஆபத்து. அந்தப் புழு அதிகமா இருக்குற ஊர்ல ஐவர்மெக்டின் சிலரை காப்பாத்தியிருக்கலாம், ஆனா புழுகிட்ட இருந்து!

அப்பாவுக்கு இப்ப முக்கியம் நேரம். பாக்ஸ்லோவிட் மாதிரி வைரஸ் மருந்து அறிகுறி வந்த 5 நாளுக்குள்ள ஆரம்பிக்கணும், அவர் வயசுக்கு இன்னைக்கே டாக்டர்கிட்ட கேளுங்க, பிபி கொலஸ்ட்ரால்னு போடுற எல்லா மாத்திரையும் சொல்லிடுங்க, சிலதோட அது ஒத்துவராது. ஆக்சிஜன் 94க்கு கீழ போனாலோ மூச்சு வாங்குனாலோ நேரா ஆஸ்பத்திரி. ஏற்கனவே ஒரு ஐவர்மெக்டின் போட்டுட்டாருன்னா பதறாதீங்க, ஆனா டாக்டர்கிட்ட மறைக்காதீங்க, ரத்தம் உறையாம இருக்க போடுற வார்ஃபரின் எடுக்குறவரா இருந்தா கண்டிப்பா சொல்லணும்.