முனையம் கட்டினால் மட்டும் போதுமா?

கேள்வி: கொச்சியிலும் எண்ணூரிலும் எல்.என்.ஜி. (குளிரூட்டித் திரவமாக்கிய இயற்கை எரிவாயு) கப்பலில் வந்து இறங்கும் முனையங்கள் வந்துவிட்டன. இன்னும் நாலைந்து கட்டிவிட்டால் நாட்டின் எரிபொருள் பாதுகாப்பு உறுதியாகிவிடும் அல்லவா? நம் பகுதி விவசாயிகள் ஏன் எரிவாயுக் குழாய்க்குக் குறுக்கே நிற்கிறார்கள்?
– வாசகர், பெருந்துறை

பதில்: உறுதியாகாது. பாகிஸ்தானின் காசிம் துறைமுகத்தில் இரண்டு முனையங்கள் உள்ளன. ஆனால் 2022இல் ரஷ்ய எரிவாயு குறைந்ததும் ஐரோப்பிய நாடுகள் கூடுதல் விலை கொடுத்துக் கப்பல்களை வளைத்துக்கொள்ள, அந்த ஜூலையில் பாகிஸ்தான் கோரிய டெண்டருக்கு ஒரு நிறுவனம்கூட விலை சொல்ல முன்வரவில்லை. மின்வெட்டில் தவித்தவர்கள் மக்கள்தான். நமக்கும் அந்த ஆண்டில் அடி விழுந்தது. நீண்டகால ஒப்பந்தப்படி நம் பொதுத்துறை எரிவாயு நிறுவனமான கெயிலுக்கு வர வேண்டிய சரக்குகள், முன்பு ரஷ்ய அரசின் எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோமுக்குச் சொந்தமாக இருந்த நிறுவனத்திடமிருந்து வராமல் நின்றன.

நாம் எரிக்கும் எரிவாயுவில் ஏறக்குறையப் பாதி இறக்குமதி. அதில் பெரும்பங்கு தரும் கத்தாரின் கப்பல்கள் பாரசீக வளைகுடாவின் குறுகிய வாயிலான ஹோர்முஸ் நீரிணையைக் கடந்தே வந்தாக வேண்டும். கச்சா எண்ணெய்க்கு விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் பாறைக் குகைகளில் அவசர இருப்பு உண்டு. எரிவாயுவுக்கு அப்படி எதுவும் இல்லை. திரவமாக்கி மைனஸ் 162 டிகிரியில் வைத்தாலும் அது தொட்டிக்குள் நாளும் சிறிது ஆவியாகிக்கொண்டே இருப்பதால், மாதக்கணக்கில் தேக்கி வைப்பது பெருஞ்செலவு பிடிக்கும்.

சரக்கு வந்தாலும் உள்நாட்டுக்குக் கொண்டுசெல்லக் குழாய் வேண்டும். 2013இல் இயங்கத் தொடங்கிய கொச்சி முனையம், 2021இல் மங்களூரு குழாய் திறக்கப்படும்வரை பெரும்பாலும் வெறுமனே கிடந்தது. அங்கிருந்து பெங்களூருக்கு கெயில் திட்டமிட்ட குழாய்தான் கோவை முதல் கிருஷ்ணகிரி வரை 7 மாவட்டங்களில் சிக்கிக்கொண்டது.

'குறுக்கே நிற்கிறார்கள்' என்று நீங்கள் சொல்வது நியாயமல்ல. பெட்ரோலிய, கனிமக் குழாய்களுக்கான 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி, குழாய் செல்லும் பட்டையில் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் நடக் கூடாது. நாலு ஏக்கர் தென்னந்தோப்பின் நடுவே குழாய் போனால், பட்டுப்போன மரத்துக்குப் பதிலாக அந்த இடத்தில் ஒரு கன்றுகூட வைக்க முடியாது. பட்டா விவசாயியின் பெயரிலேயே இருக்கும்; குழாய் பதிக்கும் உரிமை மட்டும் கைமாறும். பயிர், மரச் சேதத்துக்கான தொகை போக, அந்த உரிமைக்குச் சட்டம் தரும் ஈடு நில மதிப்பில் 10 சதவீதம். சாலையோரமாகக் கொண்டுபோங்கள் என்றுதான் அவர்கள் கேட்டார்கள். 2013இல் மாநில அரசும் அதையே சொன்னது. 2016இல் உச்ச நீதிமன்றம் கெயிலின் பக்கம் தீர்ப்பளித்தது.

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கொதிகலன்களில் விறகுக்குப் பதில் எரிவாயு எரிய வேண்டும் என்பதே என் விருப்பமும். அதற்கு முதலில் அந்த 10 சதவீதத்தை நாடாளுமன்றம் திருத்தட்டும்; பிறகு விவசாயியிடம் நாட்டுநலன் பேசலாம்.