எரிமலையின் உச்சிவாயில் ஏன் அடிக்கடி சின்னச் சின்னதாக வெடிக்கிறது?

எரிமலை என்றாலே மலையே பிளந்து ஊரை மூடும் என்று நினைக்கிறோம். ஆனால் சில எரிமலைகளின் உச்சிப் பள்ளத்தில் சின்னச் சின்ன வெடிப்புகள்தான் அன்றாட வேலை. இத்தாலியின் ஸ்ட்ராம்போலித் தீவில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தீத்துண்டுகள் சீறி எழும். சில விநாடிகளில் அடங்கிவிடும்.

காரணம் வாயு. நிலத்தடிப் பாறைக்குழம்பில் நீராவியும் கரியமில வாயுவும் கரைந்திருக்கும். குழம்பு மேலே ஏற ஏற அழுத்தம் குறையும், வாயு குமிழாகப் பிரியும். சிறு குமிழ்கள் ஒன்றுசேர்ந்து பெருங்குமிழாகி உச்சிக்கு வந்து உடையும்போது, குழம்புத் துணுக்குகளையும் இழுத்துக்கொண்டு தெறிக்கும்.

காரைக்குடிப் பக்கம் கும்மாயம் என்ற மாவு இனிப்பைக் கிளறியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மாவு நீர்க்க இருக்கும்வரை கொதி அமைதியாக இருக்கும். கெட்டிப்பட்டதும் ஒரு குமிழ் மெல்ல உப்பி, 'தொப்'பென்று உடைந்து முழங்கையில் சுடும். (துடுப்பு நீளமாக இருப்பது சும்மா இல்லை!) அடுத்த குமிழ் வரும்வரை சட்டி சாதுவாக இருக்கும்.

சரி, பாறைக்குழம்பு இன்னும் இறுகலாக இருந்தால்? குமிழ் ஏறவே வழியில்லாமல் அழுத்தம் சேர்ந்து பெருவெடிப்பாகிவிடும். அந்த அளவுக்கு இறுகாத, ஓரளவு இளகிய குழம்பில்தான் இந்தச் சிறு வெடிப்பு. நம் நாட்டிலும் உண்டு, அந்தமான் கடலில் உள்ள பாரன் (Barren) தீவில்.

அடிக்கடி வெடித்தால் அழுத்தம் வடிந்துவிடும், பெரிதாக வெடிக்காது என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை, 2019 ஜூலை 3 அன்று அதே ஸ்ட்ராம்போலி திடீரெனப் பெரிதாக வெடித்து, மலையேற வந்த ஒருவர் இறந்தார்.