லாஃப்ட்ல கிடக்கிற மிக்ஸியை என்ன பண்றது?

கேள்வி: போகி வருதேன்னு லாஃப்ட்டைக் காலி பண்ணா, அரசாங்கம் கொடுத்த இலவச மிக்ஸி, ஓடிட்டிருக்கும்போதே நின்னுபோன இன்னொரு மிக்ஸி, ஒரு இண்டக்‌ஷன் அடுப்புன்னு வரிசையா வருது. காயலாங்கடைல எடைக்குப் போட்டுடலாமா, யாருக்காவது கொடுக்கலாமா? – வாசகி, தாம்பரம்

பதில்: எடைக்குப் போடவே வேணாம் சகோதரி. நின்னுபோன மிக்ஸியை முதல்ல பிளக்கைக் கழட்டிட்டு கவுத்துப் பாருங்க, அடியில சின்னதா ஒரு பட்டன் இருக்கும், பெரும்பாலும் சிவப்பு கலர், லோடு அதிகமானா மோட்டார் கருகாம இருக்க அது ட்ரிப் ஆகிடும், நல்லா ஆறவிட்டு அமுக்குனா பல மிக்ஸி திரும்ப ஓடும். மோட்டார் ஓடுது ஜார் சுத்தலன்னா ஜாரையும் மோட்டாரையும் இணைக்கிற கப்ளர் தேஞ்சிருக்கும், உள்ள தீப்பொறி ரொம்பப் பறந்தா மோட்டாருக்குள்ள கரண்ட்டைக் கடத்தற கார்பன் பிரஷ்ஷைப் பாக்கணும், ரெண்டுமே சின்ன ரிப்பேர்தான்.

இலவச மிக்ஸி, 2011 செப்டம்பர்ல ஆரம்பிச்ச திட்டம் இல்லையா, வீட்ல ஏற்கெனவே மிக்ஸி இருந்ததால பிரிக்காமலே வச்சிருக்கிறவங்க உண்டு. இத்தனை வருஷம் சும்மா கிடந்ததை அப்படியே தூக்கிக் கொடுத்துடாதீங்க, வயரை எலி கடிச்சிருக்கலாம், ஜார் ரப்பர் இறுகியிருக்கலாம், எலக்ட்ரீஷியன்கிட்ட காட்டி ஷாக் அடிக்கலன்னு தெரிஞ்ச பிறகு ஜார், மூடியோட கழுவித் துடைச்சுக் கொடுங்க. வாங்கிக்கிறவங்க கஷ்டத்துல இருக்காங்கங்கறதுக்காக ஓட்டை உடைசலைத் தள்ளிவிடறது தானம் இல்லைங்க. முதியோர், ஆதரவற்றோர் இல்லங்களுக்குக் கொடுக்கறதா இருந்தா போன் பண்ணிக் கேட்டுக்குங்க, அம்பது பேருக்கு அரைக்கிற இடத்துல வீட்டு மிக்ஸி தாங்காது. புதுசா ரூம் எடுத்துத் தங்கற பசங்க, தனிக்குடித்தனம் போறவங்க, இவங்களுக்குத்தான் ரொம்ப உதவும். இண்டக்‌ஷன் அடுப்புல கண்ணாடி விரிசல் விட்டிருந்தா யாருக்கும் கொடுக்கக் கூடாது.

இனிமே தேறாதுன்னு ஆனதை இ-வேஸ்ட்டா, அதாவது மின்னணுக் கழிவா கொடுங்க. எடைக்குப் போனா செம்புக்காக வயரைக் கொளுத்தற இடத்துக்கும் போகலாம், வயர் மேல இருக்கிற பிவிசி பிளாஸ்டிக் எரியற புகையில டையாக்ஸின் மாதிரி விஷம் இருக்கு, முதல்ல சுவாசிக்கிறது கொளுத்தற அந்தப் பசங்கதான், அதை நினைச்சாலே மனசு கேக்கல. போகி நெருப்புலயும் தயவுசெஞ்சு ஒரு துண்டு வயர்கூட போடாதீங்க. 2023 ஏப்ரல் 1-லேர்ந்து நடைமுறையில இருக்கிற புது இ-கழிவு விதிகள்ல, முன்னாடி 21 வகையா இருந்த பொருட்கள் பட்டியல் 106 ஆயிடுச்சு, தயாரிக்கிற கம்பெனிக்கே இதுல பொறுப்பு உண்டு, அதனால கம்பெனியோட வெப்சைட்ல இ-வேஸ்ட் பக்கம் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல பதிவு பண்ண மறுசுழற்சியாளர்கிட்ட கொடுங்க.

கேள்வி: பழைய மைக்ரோவேவ் அவனைப் பிரிச்சு பார்ட்ஸ் எடுக்கறேங்கறான் பையன், விடலாமா? – வாசகர், திருச்சி

பதில்: விடவே கூடாதுங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ள இருக்கிற கெபாசிட்டர்ல உயிரை எடுக்கற அளவு கரண்ட் தங்கியிருக்கலாம். கதவு சரியா மூடலன்னா அந்த மைக்ரோவேவை யாருக்கும் கொடுக்காம, முழுசா அப்படியே இ-வேஸ்ட்டுக்கு அனுப்பிடுங்க.